இன்னும் ஒரு கால் சுற்று

என் வீட்டுக்காரர் இறுக்கி மூடிய எதையும் இன்னொருவர் திறந்ததாகச் சரித்திரம் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். சர்க்கரை டப்பாவை மூடிவிட்டு அவர் வேலைக்குப் போனால் அன்று முழுக்க எங்கள் வீட்டில் சர்க்கரை இல்லாத காபிதான். குளியலறைக் குழாயை அவர் மூடினால் திறப்பதற்கும் அவரையே கூப்பிட வேண்டும். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் குளியல் தள்ளிப்போகும். ஒரு தடவை என் தம்பி வந்து தங்கியிருந்தபோது, கழிவறைத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று அதன் திருகாணிகளை முடுக்கிவிட்டு இவர் கடைக்குப் போய்விட்டார். தம்பி உள்ளே போனான். போனவன் வெளியே வருவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தால், மாமா எந்த அறையிலாவது ஏதாவது சரிபண்ணினாரா என்று வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறான்.

மனுஷனைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவர் பார்க்கிற வேலை அப்படி. ஊருக்கு வெளியே சமையல் கேஸ் நிரப்புகிற ஆலை இருக்கிறது. நிரப்பிய சிலிண்டர்கள் வரிசையாக நகர்ந்து வரும். இவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றின் வாயிலும் சோப்புத் தண்ணீரைத் தடவி உற்றுப் பார்ப்பார். குமிழி வராவிட்டால் சிலிண்டர் மேலே போகலாம். வந்துவிட்டால் ரிஞ்சு என்கிற ஸ்பேனரை எடுத்து இன்னும் ஒரு கால் சுற்று. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இன்றுவரை அதே ஸ்டூல், அதே சோப்புத் தண்ணீர், அதே கால் சுற்று. அவர் பார்த்து அனுப்பிய சிலிண்டர் எந்த வீட்டிலாவது கசிந்தது என்று ஒரு புகார் வந்ததில்லை. ஆலையில் எல்லோருக்கும் அவர் 'ரிஞ்சு'தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் நான் அவரைத் தேடிப்போய்ச் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை என்று வாட்ச்மேன் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் தாமதமாகப் போனது கிடையாது. காய்ச்சல் அடித்தாலும் சங்கு ஊதுவதற்கு முன்னால் அந்த ஸ்டூலில் இருப்பார். தான் உட்காராத நேரத்தில் கசிகிற சிலிண்டர் ஒன்று தப்பிப்போய்விடும் என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம். அதையும் நான் குறை சொல்லமாட்டேன். சிக்கல் என்னவென்றால், அந்தக் கால் சுற்று அங்கேயே நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது. வந்து நேராக மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய போர்வை விரியும். அதன்மேல் பிஸ்கட் டின்னிலிருந்து ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். சும்மா சொல்லக் கூடாது, பாதி வேலையை அவர் அற்புதமாகச் செய்வார். பழைய பல் துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்துச் செயினைக் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பார். அழுக்கெல்லாம் போனபின் துடைத்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவார். அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, எஞ்சின் ஆயில் எதுவரை நிற்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். டயருக்குக் காற்று, பேட்டரிக்குத் தண்ணீர், பிளக்குக்கு உப்புத்தாள், எல்லாம் கண்ணும் கருத்துமாக நடக்கும். அதோடு கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தால் என்ன? வரமாட்டார். இனிமேல்தான் நட்டு இருக்கிற பக்கம் போவார்.

வண்டியோடு வந்த கையேட்டை அவர் படிக்காமல் இல்லை. செயினை நடுவில் விரலால் தூக்கினால் கொஞ்சம் ஏறி இறங்க வேண்டும், பிரேக் மிதியில் கொஞ்சம் சும்மா போகிற தூரம் இருக்க வேண்டும், கேபிள்களில் கொஞ்சம் தளர்ச்சி இருக்க வேண்டும் என்று அதில் பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டிருக்கிறது. இவர் அதையெல்லாம் ஏற்றுக்கொள்ளவில்லை. எழுதியவர்கள் சோம்பேறிகள் என்பது அவர் முடிவு. ஒரு பொருள் ஆடினால் அது இன்னும் முடிக்காத வேலை, அவ்வளவுதான். ஆடுவதற்கென்றே ஓர் அளவு வைத்து அதற்குப் படமும் போடுகிறவனை எந்த ஆலையிலும் வேலைக்கு வைக்கமாட்டார்கள் என்று என்னிடம் சொல்வார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே தலையை ஆட்டி வைப்பேன்.

விளைவு என்னவென்று கேட்டால், எங்கள் வண்டி தெருவிலேயே பளபளப்பான வண்டி, தெருவிலேயே அதிகமாக முனகுகிற வண்டியும் அதுதான். செயின் விறைத்துக்கொண்டு உறுமும். பின் சக்கரம் பிரேக்கைக் கட்டிக்கொண்டு சுற்றுவதால் வீடு வந்து சேரும்போது அதில் கையை வைக்க முடியாது, சுட்டுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஆயில் மாற்றுகிறேன் என்று அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றினார், பழைய ஆயிலை வடித்தார், போல்ட்டைத் திரும்பப் போட்டார், புது ஆயிலையும் ஊற்றினார். ஊற்றியவர் அதோடு விட்டிருக்கலாம். இன்னும் ஒரு கால் சுற்று. போல்ட் சட்டென்று இளகி, பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்ற ஆரம்பித்துவிட்டது. மரை போய்விட்டது. எழுந்து உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். முகத்தைப் பார்த்துவிட்டு, ஆலையில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து எனக்குக் கைகால் ஓடவில்லை. அதற்குள் வாசலில் புது ஆயில் ஒரு சின்ன ஓடையாகப் படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். என் வீட்டுக்காரரைப் பார்த்தால் எழுந்து நின்று நாற்காலி போடுவார். அடியில் புது மரை வெட்டிக் கொடுத்தது, அறுந்த கேபிளை மாற்றியது, தலை முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்ட போல்ட்டைத் துளைபோட்டு எடுத்தது எல்லாம் அவர்தான். வண்டியை இனிமேல் கடையிலேயே விட்டுவிடலாமா என்று நான் ஒரு நாள் கேட்டதற்கு அவர் பதறிவிட்டார். சொந்த வண்டியை சார் சொந்தக் கையால் பார்த்துக்கொள்வதுதான் முறை, அந்தப் பழக்கத்தை மட்டும் விடவே கூடாது என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

இப்படியே போயிருந்தால் நானும் முனகிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். நடுவில் என் வேலை வந்தது.

நான் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். பெயருக்குத்தான் நர்ஸ், எத்தனையோ வருஷமாகத் தற்காலிகம். யாராவது லீவு போட்டால் அந்த இடத்தில் நிற்பேன், அவர்கள் திரும்பி வந்தால் நகர்ந்துகொள்வேன். என் பெயரில் அங்கே ஓர் ஆணிகூடக் கிடையாது, பையை மாட்ட. இந்த நிலைமையில் டாக்டரம்மா ஒரு நாள் கூப்பிட்டார். நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றவும் ஊசி போடவும் ஒரு நர்ஸ் வேண்டும், நிரந்தர வேலை, உனக்குக் கொடுக்கத்தான் ஆசை, ஆனால் வண்டி ஓட்டத் தெரிந்து லைசென்ஸும் இருக்க வேண்டும் என்றார். பஸ்ஸுக்குக் காத்திருந்து போகிற வேலை இல்லை அது. நான் இல்லையென்றால் வரவேற்பில் உட்காருகிற பெண்ணுக்குப் போய்விடும். நர்ஸ் படிப்புப் படித்திருந்தாலும் ஊசியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். ஆனால் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள், லைசென்ஸை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும். ராஜினாமா செய்யக்கூட ஓர் இடம் இல்லாமல் இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த அம்மா கறார்ப் பேர்வழி. கியர் மாற்றும்போது குனிந்து பார்த்தால் முதுகில் ஒரு தட்டு விழும். நன்றாகவே கற்றுக்கொண்டேன். சோதனைக்கு மட்டும் இந்த வண்டி வேண்டாம், எந்த வண்டியை ஓட்டப்போகிறாயோ அதிலேயே போய் எட்டு போடு, அப்போதுதான் பிற்பாடு பயம் இருக்காது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். ஒரு வாரம் எங்கள் வண்டியை மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் பழகினேன். அதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் விட்டு, எது எதெல்லாம் ஆட வேண்டுமோ அதெல்லாம் ஆடுகிறமாதிரி செய்துகொண்டேன். அவர் மனசில்லாமல்தான் செய்து கொடுத்தார்.

சோதனை திங்கட்கிழமை காலையில். அன்று மத்தியானத்துக்குள் டாக்டரம்மா யாருக்கு வேலை என்று முடிவு சொல்லியாக வேண்டும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்ததே, அதுதான் எனக்குப் பயம். சனிக்கிழமை சாயங்காலமே அவரை உட்காரவைத்து ஒரு பிடி பிடித்துவிட்டேன். நாளைக்கு வண்டிப் பக்கம் போகக் கூடாது, போர்வை விரிக்கக் கூடாது, பிஸ்கட் டின்னைத் தொடக் கூடாது. தொடமாட்டேன் என்றார். மறுபடி கேட்டேன். அதற்கும் தொடமாட்டேன் என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை என்று நானும் நம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் லீவு போட்டவருக்குப் பதிலாக நின்றுவிட்டுத் திரும்பி வந்தால் வண்டி கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு நிற்கிறது. அவர் சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாகப் படித்துக்கொண்டிருந்தார். துடைத்தேன், அவ்வளவுதான் என்றார். விரல் நகத்தைப் பார்த்தேன், கறுப்பாக இருந்தது. செயினில் அழுக்கு இருந்தது, அதையும் துடைத்தேன் என்றார். முகம் கழுவப் போனால் சோப்பு டப்பாவில் சோப்புக்குப் பக்கத்தில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் படுத்திருக்கிறது. கையைக் கழுவும்போது கூட வந்திருக்கும் என்றார். வெளியே போய் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தேன், ஒழுங்காகத்தான் நின்று துடித்தது. சரி, நல்ல நாளும் அதுவுமாகச் சந்தேகப்பட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கவே கூடாது.

மறுநாள் அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து மைதானத்துக்குப் போனோம். அவருக்கு அன்று மத்தியான ஷிப்ட். அதனால் கூட வந்தார். முதல் முனையில் இடது பக்கம் திரும்பியபோது எஞ்சின் தானாக உறுமியது. அடுத்த முனை வலது பக்கம், அடங்கிவிட்டது. மறுபடி இடது பக்கம் ஒரு திருப்பம், மறுபடி ஓர் உறுமல். என்னங்க இது என்று முதுகில் தட்டிக் கேட்டேன். வண்டி இன்றைக்கு நல்ல பிக்கப்பில் இருக்கிறது என்றார். அவர் கழுத்து வியர்த்திருந்ததை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிதாக ஓர் எட்டு போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு குடைக்குக் கீழே பிரேக் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். சிரித்தால் லைசென்ஸ் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிறவர்போல ஒரு முகம். கால் ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல் எட்டை முடிக்க வேண்டும். தவறினால் வரிசையின் கடைசியில் போய் நின்று இன்னொரு தடவை போடலாம். அதிலும் தவறினால் அடுத்த மாதம்தான். கூட வந்தவர்களெல்லாம் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். என் வீட்டுக்காரரும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் முறை வந்தது. மெதுவாகத்தான் எடுத்தேன். எட்டின் முதல் வளைவு இடது பக்கம். ஹேண்டிலைத் திருப்பினேனோ இல்லையோ, வண்டி என்னைக் கேட்காமலே பாய்ந்தது. நான் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டேன், சத்தியமாக விட்டுவிட்டேன், அது விடவில்லை. திருப்பத் திருப்ப வேகம் ஏறியது. கோடு போயிற்று, எட்டு போயிற்று, எதிரே குடை வந்தது. பிரேக்கில் காலை வைத்தேன். மிதிக்கக்கூட இல்லை, வைத்தேன், அவ்வளவுதான். வண்டி அறைந்தமாதிரி நின்றது. நான் ஹேண்டில்மேல் கவிழ்ந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தால் முன் சக்கரம் இன்ஸ்பெக்டரின் நாற்காலிக் காலை முட்டிக்கொண்டிருக்கிறது. அவர் மடியில் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு தரையில் விழுந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. குனிந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிப் பின்னால் தள்ளிப் போட்டுவிட்டு, கடைசியில் போய் நிற்கச் சொன்னார். கிளினிக் வேலை பாதி கைவிட்டுப் போன மாதிரிதான் எனக்கு இருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வேலிப் பக்கம் போனேன். தள்ளவும் வரவில்லை, பின் சக்கரம் இழுத்துப் பிடித்தது. எனக்குக் கோபத்தில் காது அடைத்துப்போயிருந்தது. அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க பண்ணி வச்சீங்க?"

மென்று விழுங்கி ஒவ்வொன்றாக வெளியே விட்டார். ஆக்சிலரேட்டர் கேபிள் தொளதொளவென்று இருந்ததாம், பார்க்கச் சகிக்கவில்லையாம். அதைக் கொஞ்சம் இழுத்து, மேலே பூட்டு நட்டையும் போட்டு முடுக்கியிருக்கிறார். பிரேக் நட்டு, செயின், கண்ணாடி, எல்லாவற்றுக்கும் ஆளுக்குக் கொஞ்சம். கேபிளில் இருந்த தளர்ச்சி முழுக்கப் போய்விட்டதால் ஹேண்டிலை இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் கேபிள் தானாக இழுபட்டு எஞ்சின் வேகம் எடுக்கிறது. வருகிற வழியிலேயே அவருக்கு அது தெரிந்துவிட்டது. சொல்லப் பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"தொடமாட்டேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்புறம் ஏன் தொட்டீங்க?"

வேலிக் கம்பியை நகத்தால் சுரண்டினார். "நான் ஓட்டுறப்ப அது எப்படி இருந்தாலும் பரவாயில்லம்மா. இனிமே நீ தனியாப் போகப்போற. லாரி போற ரோடு, பஸ் போற ரோடு. நான் கூட இருக்கமாட்டேன். எனக்குப் பயமா இருக்கு. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான், அதைப் பண்ணிட்டேன்."

அத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து பயமாக இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. கேஸ் ஆலையில் உட்கார்ந்திருக்கிறவர். என் கோபம் பாதியில் நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் வரிசையில் எனக்கு முன்னால் நாலைந்து பேர்தான் மிச்சம். போன கோபம் அப்படியே திரும்பி வந்தது.

"பயப்படுறதை வீட்டுக்குப் போய்ப் பயப்படுங்க. இப்ப இதை லூஸ் பண்ணுங்க."

சட்டைப் பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். அதையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார் பாருங்கள். வேலி இடுக்கு வழியாகக் கையை விட்டு, ஹேண்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பூட்டு நட்டில் ஸ்பேனரைப் போட்டார். போட்ட கை வழக்கப்படி முடுக்குகிற பக்கமே போயிற்று. நான் கையைத் தட்டிவிட்டேன். மறுபடி போட்டார், மறுபடி அதே பக்கம். வேண்டுமென்று செய்யவில்லை, அந்தக் கைக்கு வேறு பக்கம் ஒன்று இருப்பதே தெரியாது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுத்தார். வரவில்லை. தான் முடுக்கியதைத் தானே கழற்ற முடியாமல் ஒரு காலை வேலியில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். பக்கத்தில் நின்றவர்கள் எங்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். டக்கென்று ஒரு சத்தம் வந்து நட்டு இளகியது. என் உயிரும் திரும்பி வந்தது.

"போதுமா?"

ஹேண்டிலை இடது பக்கம் திருப்பிப் பார்த்தேன். இன்னும் உறுமியது. "இன்னும் ஒரு கால் சுத்து."

"இதுக்கு மேல விட்டா ஆடும்."

"ஆடட்டும்."

விட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் பல் பிடுங்கிக்கொள்கிறவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு விட்டார். அப்புறம் பிரேக் நட்டு. அது விரலால் திருப்ப வேண்டியது. அதை ரிஞ்சு போட்டு முடுக்கியிருந்தார். வண்டியைத் திருப்பி நிறுத்தி, அதையும் விட வைத்தேன். செயினுக்கு நேரம் இல்லை, அது உறுமினால் உறுமட்டும் என்று விட்டுவிட்டேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இரண்டாவது தடவை நான் வருவதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். முதல் வளைவுக்கு வந்தேன். இடது பக்கம் திருப்பினேன். வண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கொடுத்த அளவுக்குப் போயிற்று, நான் நிறுத்தச் சொன்னால் நின்றது. நடுவில் கடந்து வலது பக்கம் வளைந்து, மறுபடி இடது பக்கம் வந்து, சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல், கால் ஊன்றாமல், எட்டை முழுசாகப் போட்டு முடித்தேன். இன்ஸ்பெக்டர் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். முதலில் வந்ததும் நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போது ஏன் அப்படி வந்தீர்கள் என்றார். வீட்டில் சர்வீஸ் செய்தது என்றேன். அவர் வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவர் வீட்டிலும் யாரோ இருப்பார்கள்போல, அதற்குமேல் எதுவும் கேட்காமல் பாஸ் என்று போட்டுவிட்டார்.

வெளியே வந்தபோது உச்சிவெயில் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கிளினிக்குக்குப் போக வேண்டும். அவர் ஆலைக்குப் போக வேண்டும், அது நேர் எதிர்ப்பக்கம். நானே ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன், பின்னால் உட்கார் என்றார். லைசென்ஸ் வாங்கியது பின்னால் உட்காருவதற்கா என்று கேட்டேன். சரி, நான் பின்னால் உட்காருகிறேன், நீ ஓட்டு என்றார். உங்களுக்கு ஷிப்டுக்கு நேரமாகிறது, எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தம் இருக்கிறது, போய் நில்லுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். வண்டியை எடுக்கப் பார்த்தால் நகரவில்லை. மறுபடி பிரேக்கா என்று திரும்பிப் பார்த்தேன். சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க," என்றேன்.

"புடிக்கலையே," என்றார். அப்புறம் கையைப் பார்த்துக்கொண்டு விட்டார்.

கண்ணாடியில் அவரைப் பார்க்கலாம் என்றால் அதையும் முடுக்கி வைத்திருந்தாரே, ஒன்றில் என் முழங்கையும் இன்னொன்றில் வானமும்தான் தெரிந்தன. பின்னால் என்ன வருகிறது என்றே தெரியாமல், ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பெரிய ரோடு. அவர் சொன்ன லாரியும் வந்தது, பஸ்ஸும் வந்தது. பயமாகத்தான் இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்? ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. சிக்னலில் சிவப்பு விழுந்தது, நின்றேன்.

பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. கிளினிக் இருக்கிற பக்கம் போகிற பஸ். சும்மா நிமிர்ந்து பார்த்தேன். சன்னலோரம் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். உடம்பில் பாதி வெளியே இருந்தது. என் பின் சக்கரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், குமிழி வருகிறதா என்று பார்க்கிற அதே பார்வை. நான் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டார். சன்னலுக்கு மேலே கையை வெளியே நீட்டாதே என்று எழுதியிருந்ததை, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறவர்போல எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். கூப்பிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை. பச்சை விழுந்தது. கிளட்சை விட்டுப் பஸ்ஸை முந்திக்கொண்டு போனேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. டாக்டரம்மா மருந்துப் பையைக் கையில் கொடுத்து, பை மாட்ட ஓர் ஆணியும் காட்டினார். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் ஆலையிலிருந்து மேற்பார்வையாளர் ஃபோன் செய்தார். ரிஞ்சு அண்ணன் இன்றைக்கு சங்கு ஊதி எவ்வளவோ நேரம் கழித்து வந்தார், இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்றேன்.

"கேட்டா பஸ் மாறி ஏறிட்டேன்னு சொல்றாரும்மா. தினமும் வர்ற வழி, நம்புற மாதிரியா இருக்கு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "உண்மைதாங்க," என்றேன். "மாறித்தான் ஏறிட்டாரு. நானும் பாத்தேன்."